டி என்றால் டீசல், ஏ என்றால்?

ரயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் எல்லாரும் தங்கள் பெட்டியைத் தேடி ஓடுகிறார்கள். இன்ஜின் வரை நடந்து போய், அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பவர்கள் இரண்டு ரகம்தான்: சிறுவர்கள், ரயில்வேக்காரர்கள். சிறுவர்கள் ஆசைக்காகப் படிக்கிறார்கள். ரயில்வேக்காரர்கள் படிப்பது தொழிலுக்காக. அந்த நான்கைந்து எழுத்துகளைத் தவறாகப் புரிந்துகொண்டால் பின்னால் கட்டிய வண்டி ஏற்றத்தில் நின்றுவிடலாம். இறக்கத்தில் நிற்காமலும் போகலாம்.

அந்த எழுத்துகள் ஒழுங்கான ஒரு இலக்கணத்தோடுதான் தொடங்கின. அரை நூற்றாண்டில் அந்த இலக்கணம் பல முறை மாறிவிட்டது. பழைய பெயர்கள் அப்படியே இருக்க, புதிய பெயர்கள் புதிய விதிப்படி வந்து சேர்ந்தன. விளைவு: இன்று ஒரே எழுத்துக்கு மூன்று அர்த்தம், ஒரே எண்ணுக்கு இரண்டு அர்த்தம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பயணிகள் வண்டியை இழுக்கும் அந்த இரும்பு வாகனம் முழுவதையும் இன்ஜின் என்கிறார்கள். ரயில்வேக்காரர்களுக்கு அது லோகோ. அதன் வயிற்றுக்குள் இருக்கும் டீசல் இயந்திரம் மட்டுமே அவர்களுக்கு இன்ஜின். பெரும்பாலான டீசல் லோகோக்களில் இந்த இன்ஜின் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுவதில்லை. அது ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதிலிருந்து வரும் மின்சாரம் சக்கர அச்சுகளில் பொருத்திய மோட்டார்களை ஓட்டுகிறது. சொந்தமாக ஒரு மின்நிலையத்தைச் சுமந்துகொண்டு ஓடும் மின்சார லோகோ என்று டீசல் லோகோவைச் சொல்லலாம். எனவே இன்ஜினின் பலம் ஒரு கணக்கு, சக்கரத்தில் கிடைக்கும் இழுவை வேறொரு கணக்கு.

மூன்று எழுத்து, ஒரு எண்

டபிள்யூ.டி.எம்.-2 என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து பாதையைச் சொல்கிறது. டபிள்யூ என்றால் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. ஒய் என்றால் மீட்டர் பாதை. இசட் என்றால் 762 மில்லிமீட்டர், என் என்றால் 610 மில்லிமீட்டர் குறுகிய பாதைகள். கால்கா - சிம்லா மலைப்பாதையில் ஓடும் டீசல் லோகோ இசட்.டி.எம்.-3. டார்ஜிலிங் மலையில் ஓடுவது என்.டி.எம்.-6. விழுப்புரத்துக்குத் தெற்கே 1990களில் மீட்டர் பாதை வண்டிகளை இழுத்துக்கொண்டிருந்த ஒய்.டி.எம்.-4 பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

இரண்டாவது எழுத்து எரிபொருளைக் குறிக்கிறது. டி என்றால் டீசல். ஏ என்றால் மாறுமின்சாரம், சி என்றால் நேர்மின்சாரம். மூன்றாவது எழுத்து லோகோவின் வேலை. பி பயணிகள் வண்டிக்கு, ஜி சரக்கு வண்டிக்கு, எம் இரண்டுக்கும் பொது. யார்டுக்குள் பெட்டிகளைத் தள்ளிக் கோத்து வைக்கும் ஷன்டிங் வேலைக்கு எஸ். கடைசியாக வரும் எண் மாடல் எண். ஆக, டபிள்யூ.டி.எம்.-2 என்றால் அகலப்பாதையில் ஓடும், எந்த வண்டியையும் இழுக்கும், டீசல் லோகோவின் இரண்டாவது மாடல்.

மூன்றாவது எழுத்தை அலட்சியமாகப் பார்க்கக்கூடாது. டபிள்யூ.டி.எம்.-3ஏ, டபிள்யூ.டி.ஜி.-3ஏ என்ற இரண்டு லோகோக்களிலும் இருப்பது ஒரே வம்சத்து 16 சிலிண்டர் இன்ஜின். இரண்டும் 3,100 குதிரை சக்தி. எம் என்பது ஜி ஆனதும் என்ன மாறுகிறது? மோட்டாரையும் அச்சையும் இணைக்கும் பல்சக்கரம் மாறுகிறது. எம் லோகோவில் மோட்டார் பக்கம் 18 பல், அச்சுப் பக்கம் 65 பல். ஜி லோகோவில் அது 18-க்கு 74. கியர் வைத்த சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்கு இது உடனே புரியும். வேகம் குறைகிறது, இழுவை கூடுகிறது. ஜி லோகோவின் எடையும் ஏறத்தாழ 10 டன் அதிகம். தண்டவாளத்தில் பிடிப்பு கூடுகிறது. எம் லோகோ மணிக்கு 120 கிலோமீட்டர் வரை ஓடும்; அசையாமல் நிற்கும் வண்டியை ஏறத்தாழ 30 டன் விசையோடு இழுக்கும். ஜி லோகோவின் வேகம் 100 கிலோமீட்டர்தான். இழுவையோ ஏறத்தாழ 38 டன். குதிரைகள் அதே 3,100. வித்தியாசம் அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

எண்ணை நம்பலாமா?

அகலப்பாதையில் முதலில் வந்த பெரிய டீசல் லோகோ டபிள்யூ.டி.எம்.-1. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிடமிருந்து 1957 முதல் 100 லோகோக்கள் வாங்கப்பட்டன. டிரைவர் உட்காரும் அறை ஒரு கோடியில் மட்டும் இருந்ததால் திரும்பி வரும்போது லோகோவைச் சுழல்மேடையில் ஏற்றித் திருப்ப வேண்டியிருந்தது.

1962இல் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் போட்டிக்கு வந்தன. ஆல்கோவின் லோகோவுக்கு டபிள்யூ.டி.எம்.-2 என்று பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த 72 லோகோக்களுக்கு டபிள்யூ.டி.எம்.-4. இரண்டுமே 2,600 குதிரை சக்திதான். 1969இல் ஹவுராவுக்கும் டில்லிக்கும் இடையே முதல் ராஜதானி எக்ஸ்பிரஸ் தொடங்கியபோது அதை இழுத்த பெருமை டபிள்யூ.டி.எம்.-4-க்குப் போனது. ஆனால் இந்தியாவுக்கு லோகோ மட்டும் போதாது, அதைச் செய்யும் வித்தையும் வேண்டும். அதைக் கொடுக்க ஆல்கோ சம்மதித்தது. வாராணசியில் 1961இல் உருவான டீசல் லோகோமோட்டிவ் தொழிற்சாலையில் தயாரான முதல் டபிள்யூ.டி.எம்.-2-ஐ 1964 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

ஐந்து ஆண்டுகளில், 1969இல், அமெரிக்காவில் ஆல்கோ லோகோ தயாரிப்பையே நிறுத்திவிட்டது. வாராணசியோ அந்த வடிவமைப்பைத் திருத்தித் திருத்தி மேலும் நான்கு பத்தாண்டுகளுக்கு மேல் செய்துகொண்டிருந்தது. டபிள்யூ.டி.எம்.-2 மட்டும் 2,500-க்கு மேல் ஓடியது. 1970களின் பிற்பகுதியில் டில்லிக்கும் தெற்கேயும் இடையே ஓடிய நீண்ட எக்ஸ்பிரஸ் வண்டிகளின் முன்னால் இரண்டு டபிள்யூ.டி.எம்.-2-களைச் சேர்த்துக் கட்டினார்கள். அவற்றைக் கேபிளால் இணைத்துவிட்டால் முன் லோகோவில் இருக்கும் டிரைவரே இரண்டையும் ஓட்டலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனவர்கள் அந்த இரட்டை உறுமலைக் கேட்டிருப்பார்கள்.

எண்ணைப் பொறுத்தவரை அப்போதே ஒழுங்கு குலைந்துவிட்டது. 2-ம் 4-ம் ஒரே ஆண்டில் வந்தவை, ஒரே பலம் உள்ளவை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1970இல், ஜெர்மனியிலிருந்து வந்த எட்டு லோகோக்களுக்கு டபிள்யூ.டி.எம்.-3 என்று பெயர் வைத்தார்கள். அதாவது 4-க்குப் பிறகு 3 வந்தது. அது மோட்டாரே இல்லாமல் எண்ணெயின் ஓட்டத்தால் சக்கரத்தைச் சுற்றும் வேறு ஜாதி லோகோ. எண் எதையும் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒரு எழுத்தில் உயிர்

எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் எழுத்தில்தான் விஷயம் தீவிரமாகிறது.

பழைய ரயில்களில் இருந்தது வேக்குவம் பிரேக். வண்டி நெடுகப் போகும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் பிரேக் விடுபடும். காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடிக்கும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அதற்குப் பலம் கிடையாது. வண்டி நீளமாகி, எடை கூடியபோது அது போதவில்லை. பிறகு வந்த ஏர் பிரேக்கில் நேர் எதிர்: குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்றை அடைத்து வைப்பார்கள், அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும்.

புதிய சரக்குப் பெட்டிகள் ஏர் பிரேக்கோடு வந்தன. ஆனால் லோகோ ஷெட்டுகளில் நின்றவை வண்டிக்கு வேக்குவம் பிரேக் மட்டும் தரக்கூடிய டபிள்யூ.டி.எம்.-2-கள். ஏர் பிரேக் வண்டியின் குழாயில் காற்றை நிரப்ப அவற்றால் முடியாது. அப்படிப்பட்ட வண்டியை அந்த லோகோ இழுத்துக்கொண்டு போகலாம். நிறுத்துவதற்கு லோகோவின் சொந்த பிரேக்கை மட்டும் நம்ப வேண்டும். பின்னால் ஆயிரக்கணக்கான டன் வரும்போது அதை நம்புவது தற்கொலைக்குச் சமம். எனவே பழைய லோகோக்களில் இரண்டு பிரேக்குக்கும் வழி செய்து, அவற்றுக்கு டபிள்யூ.டி.எம்.-2ஏ என்று பெயர் கொடுத்தார்கள். தயாரிக்கும்போதே ஏர் பிரேக் வைத்தவை 2பி ஆயின. அந்த ஏ இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது வண்டி நிற்குமா நிற்காதா என்று பார்ப்பதற்குச் சமமாக இருந்தது.

2000க்குப் பிறகு புதிய விதி வந்தது. எண் இனி மாடலைக் குறிக்காது. ஆயிரம் குதிரை சக்தியைக் குறிக்கும். பின்னால் வரும் எழுத்து நூறுகளைக் குறிக்கும்: ஏ என்றால் 100, பி என்றால் 200, சி என்றால் 300. கேட்க அழகான விதி. 3,100 குதிரை சக்தி கொண்ட டபிள்யூ.டி.எம்.-2சி ஒரே நாளில் டபிள்யூ.டி.எம்.-3ஏ ஆனது. டபிள்யூ.டி.ஜி.-2 என்ற சரக்கு லோகோ டபிள்யூ.டி.ஜி.-3ஏ ஆனது. டபிள்யூ.டி.பி.-2 என்ற பயணி லோகோ டபிள்யூ.டி.பி.-3ஏ ஆனது. லோகோ அதே, ஷெட் அதே. பெயின்ட் மட்டும் புதிது.

ஆனால் டபிள்யூ.டி.எம்.-2 பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. புதிய விதிப்படி படித்தால் அது 2,000 குதிரை சக்தி, உண்மையில் 2,600. 2ஏ-வில் ஏ என்றால் பிரேக்; 3ஏ-வில் அதே ஏ என்றால் 100 குதிரை. போதாததற்குப் புதிய விதியையும் யாரும் கடைசிவரை காப்பாற்றவில்லை. டபிள்யூ.டி.எம்.-3டி கணக்குப்படி 3,400 ஆக வேண்டும்; அதன் பலம் 3,300. டபிள்யூ.டி.பி.-4பி 4,200 ஆக வேண்டும், அது 4,500. டபிள்யூ.டி.பி.-4டி-யில் வரும் டி-க்கும் குதிரைக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு கோடியிலும் டிரைவர் அறை உண்டு என்று அர்த்தம். பீகாரில் மார்ஹௌரா தொழிற்சாலையில் செய்த டபிள்யூ.டி.ஜி.-6ஜி-யில் 6 என்பது நியாயமாக 6,000 குதிரை சக்தி. கடைசி ஜி அதை வடிவமைத்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் முதலெழுத்து. முன்னால் வரும் ஜி சரக்கைக் குறிக்க, பின்னால் வரும் ஜி கம்பெனியைக் குறிக்கிறது.

குதிரை அதிகம், இழுவை குறைவு

1962இல் தோற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 1995 ஒப்பந்தத்தோடு திரும்பி வந்தது. இம்முறை வித்தையையும் கொடுத்தது. 1999இல் டபிள்யூ.டி.ஜி.-4 வந்து இறங்கியது. கம்பெனி அதற்கு வைத்த பெயர் ஜி.டி.46 எம்.ஏ.சி. அந்த ஏ.சி.யைக் குளிர்சாதனம் என்று நினைக்க வேண்டாம். சக்கரத்தை ஓட்டும் மோட்டார்கள் மாறுமின்சாரத்தில் ஓடுபவை என்று பொருள். நேர்மின்சார மோட்டாரில் தேயும் கார்பன் பிரஷ்கள் இதில் இல்லை. சக்கரம் வழுக்குவதைக் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. தரையின் மீதான உண்மையான வேகத்தை அளக்க அடியில் ஒரு ரேடார்கூட உண்டு. பலன், 4,000 குதிரை சக்தியில் 50 டன்னுக்கு மேற்பட்ட இழுவை. 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் கோவா எல்லை மலைப்பாதையில் ஹூப்ளி ஷெட்டின் இந்த லோகோக்கள் நீண்ட காலம் வண்டிகளை முன்னே இழுத்தும் பின்னே தள்ளியும் ஏற்றின.

இதன் தம்பி 2001இல் வந்த பயணி லோகோ டபிள்யூ.டி.பி.-4. இன்ஜின் அதே, குதிரை சக்தியும் அதே 4,000. ஆனால் ஆறு அச்சுகளில் நான்குக்குத்தான் மோட்டார். இழுவை ஏறத்தாழ 27 டன். 40 ஆண்டுகள் பழைய, 2,600 குதிரை சக்தி கொண்ட டபிள்யூ.டி.எம்.-2-ஐவிடக் குறைவு! ஓட ஆரம்பித்துவிட்டால் புதிய லோகோ பறக்கும். ஆனால் 24 பெட்டியோடு மழை நாளில் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் மறுபடி புறப்படுவது பெரும்பாடு. ஆறு அச்சுக்கும் மோட்டார் வைத்து டபிள்யூ.டி.பி.-4பி வந்த பிறகே இந்தக் குறை தீர்ந்தது. இந்த 4-ஐயும் 1962இன் டபிள்யூ.டி.எம்.-4-ஐயும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏமாறுவார்கள்.

டிரைவருக்கு என்ன தெரிகிறது?

பெயரில் வராத, ஆனால் ஓட்டுபவருக்கு முக்கியமான இன்னொன்று, அவர் உட்காரும் இடம். பெரும்பாலான இந்திய டீசல் லோகோக்களில் ஒரே டிரைவர் அறை. ஒரு பக்கம் குட்டை மூக்கு, மறுபக்கம் இன்ஜினை மூடிய நீண்ட மூக்கு. நீண்ட மூக்கு முன்னால் வரும்படி ஓட்டும்போது டிரைவர் அந்த நீளத்தின் ஓரமாக எட்டிப் பார்த்து சிக்னலைத் தேட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வழி லோகோக்கள் இன்னும் நீளமானவை. வளைவில் சிக்னல் ஒரு பக்கத்து டிரைவருக்குத் தெரியாது. உதவி டிரைவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மூடுபனி நாளில் இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2010க்குப் பிறகு வந்த டபிள்யூ.டி.பி.-4டி, டபிள்யூ.டி.ஜி.-4டி இரண்டிலும் இரு கோடியிலும் அறை வைத்தார்கள். விதியை மீறி ஒட்டிய அந்த டி-யை வரவேற்றவர்கள் டிரைவர்கள்தான்.

பயணிகளுக்குப் பயன்படும் கருவியும் உண்டு. புதிய பெட்டிகளின் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் வண்டியின் இரு கோடியிலும் ஜெனரேட்டர் பெட்டிகள் வேண்டும். அவை தனியாக டீசல் குடிக்கும், காதைத் துளைக்கும், பயணிகளின் இடத்தையும் பிடிக்கும். பிற்கால டபிள்யூ.டி.பி.-4டி-க்கள் சிலவற்றில் லோகோவே அந்த மின்சாரத்தைக் கொடுக்கும் வசதி வந்தது. ரயில்வேக்காரர்கள் இதை ஹோட்டல் லோடு என்கிறார்கள்.

இன்னொரு சிறு கருவி மிச்சப்படுத்தியது கொஞ்சமல்ல. பழைய லோகோ யார்டில் சும்மா நின்றாலும் அதன் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். மறுபடி கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அப்படிச் சும்மா நிற்க மணிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் டீசல் போனது. 25 குதிரை சக்தியில் ஒரு குட்டி இன்ஜினை வைத்து, பெரியதை அணைத்துவிட்டால் செலவு ஏறத்தாழ 3 லிட்டர்.

டி மறையும் காலம்

இந்தக் கருவிகளெல்லாம் கைகூடி வந்த நேரத்தில் டீசலுக்கே விடை கொடுத்தாகிவிட்டது. 2025 முடிவதற்குள் அகலப்பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டது. வாராணசி தொழிற்சாலை 2017 முதல் மின்சார லோகோ செய்கிறது. 2020இல் அதன் பெயரிலிருந்தே டீசல் என்ற சொல் போய், பனாரஸ் லோகோமோட்டிவ் தொழிற்சாலை ஆனது. இரண்டு பழைய டபிள்யூ.டி.ஜி.-3ஏ-க்களின் இன்ஜினைக் கழற்றி, மின்சாரக் கருவிகளை ஏற்றி, 10,000 குதிரை சக்தியுள்ள ஒரு இரட்டை லோகோ ஆக்கினார்கள். அதன் பெயர் டபிள்யூ.ஏ.ஜி.சி.-3. டி இருந்த இடத்தில் ஏ. சி என்றால் மாற்றியமைத்தது. மார்ஹௌராவிலிருந்து 2025இல் ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு லோகோக்கள் புறப்பட்டுப் போயின.

ஆனாலும் டீசல் லோகோ முழுக்கப் போய்விடாது. புயல் அடித்து மின்கம்பிகள் அறுந்து கிடக்கும்போது, தடம் புரண்ட வண்டியைத் தூக்கப் போகும்போது, கம்பியை நம்பாத லோகோ ஒன்று வேண்டும். அதற்காகச் சிலவற்றை ஷெட்டுகளில் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த அவசரத்தில், மாதக்கணக்கில் மின்சார லோகோ மட்டுமே ஓட்டிய ஒருவர் ஷெட்டில் ஏதோ ஒரு பழைய டீசலை எடுக்க நேரும். அதன் பக்கவாட்டில் ஒரு ஏ இருக்கும், அல்லது பி, அல்லது டி. அது பிரேக்கா, குதிரையா, டிரைவர் அறையா? எழுத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. எந்த ஆண்டில், எந்த விதிப்படி அந்தப் பெயரை எழுதினார்கள் என்பதும் தெரிய வேண்டும். அதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் இன்று ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். லோகோவைப் பாதுகாத்து வைக்கும் ஷெட்டுகள் அவர்களுக்குத் தெரிந்ததையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.